எல்லையில் ஓர் ஊர்: திருமயமும் ஊமையன் கோட்டையும்

புதுக்கோட்டையில் இருந்து காரைக்குடிக்குப் போகிற வண்டிகளில் பெரும்பாலானவை திருமயம் வந்ததும் ஒரு நிமிடம் வேகத்தைக் குறைக்கும். காரணம், கோட்டை மதிலை ஒட்டி, வடக்கே பார்த்தபடி இருக்கும் கோட்டை பைரவர். லாரி டிரைவர் இறங்கி ஓடிப்போய் சூடம் ஏற்றிவிட்டு வருவார். ராமேஸ்வரம் போகிற வேனில் இருந்து ஒரு குடும்பமே இறங்கும். புதிதாக கார் வாங்கியவர்கள் மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் காத்திருப்பார்கள். இறங்க நேரமில்லாதவர்கள் ஓடுகிற பஸ்ஸுக்குள் இருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அதோடு சரி, வண்டி கிளம்பிவிடும். பைரவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பெரிய கோட்டையை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. ஏறிப் பார்க்கிறவர்கள் இன்னும் குறைவு.

புதுக்கோட்டையில் இருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். இன்னும் கொஞ்சம் போனால் கானாடுகாத்தான் பக்கம், சிவகங்கை மாவட்டம் தொடங்கிவிடும். தாலுகா ஆபீஸ், கோர்ட், ரயில்வே ஸ்டேஷன், சட்டமன்றத் தொகுதிக்குப் பெயர் என எல்லாம் இருந்தும், திருமயத்தை ஒரு சின்ன ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு மாவட்டத்தின் ஓரம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால், இந்த ஊர் எப்போதுமே ஏதோ ஒன்றின் ஓரத்தில்தான் இருந்திருக்கிறது. அப்படி இருந்ததால்தான் இங்கே ஒரு கோட்டை எழுந்தது, ஒரு வழக்கு நடந்தது, கோட்டைக்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு பெயரும் வந்தது.

முதலில் ஊரின் பெயர். 'மயம்' என்றதும் மயக்கம், மாயம் என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். பழைய பெயர் திருமெய்யம். மெய் என்றால் உண்மை. அதை அப்படியே சமஸ்கிருதத்தில் மாற்றி, மலைக்கு சத்தியகிரி, சிவனுக்கு சத்தியகிரீஸ்வரர், பெருமாளுக்கு சத்தியமூர்த்தி என்று வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒரே பாறை, இரண்டு சாமி

கோட்டை நிற்கும் அதே பாறையின் தெற்குச் சரிவில்தான் இரண்டு குடைவரைக் கோயில்களும் இருக்கின்றன. ஒன்று சிவனுக்கு, இன்னொன்று பெருமாளுக்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு போல. மலையைக் குடைந்து, உள்ளே இருக்கும் பாறையிலேயே செதுக்கிய பெருமாள், ஆதிசேஷன் மேல் படுத்திருக்கிறார். நாட்டிலேயே பெரிய பள்ளிகொண்ட பெருமாள் வடிவங்களில் இதுவும் ஒன்று. ஸ்ரீரங்கத்துக்கு முன்பே இருந்த கோயில் என்பதால் 'ஆதிரங்கம்' என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வார்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார்.

பெருமாளுக்கு மேலே சுவர் முழுக்க தேவர்களும் முனிவர்களும். ஒரு பக்கம் மது, கைடபர் என்ற இரண்டு அசுரர்கள். பெருமாள் தூங்கும் நேரத்தில் இவர்கள் தாயாரைத் தூக்கிப்போக வந்தார்களாம். எழுப்ப மனசு வராமல் ஆதிசேஷனே விஷத்தைக் கக்கி விரட்டிவிட்டாராம். அப்புறம், 'கேட்காமல் செய்துவிட்டோமே' என்று பயந்து தலையைச் சுருக்கிக்கொள்ள, பெருமாள் தட்டிக்கொடுத்தாராம். வீட்டில் பெரியவர் தூங்கும்போது முடிவெடுத்துவிட்டு முழிக்கிற பிள்ளையின் நிலைமைதான். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அசுரர்களைத் தேடச் சொல்லலாம்.

பக்கத்துக் குகையில் சிவன். அங்கே சுவரில் ஆளுயரத்துக்கும் மேலான லிங்கோத்பவர் சிற்பம் இருக்கிறது. இதே குகையில் குடுமியான்மலையில் இருப்பதைப் போன்ற இசைக் கல்வெட்டு ஒன்றும் இருந்தது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது துண்டுதுண்டான எழுத்துகள்தான். மீதியைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே பிற்காலத்தில் வேறு கல்வெட்டை வெட்டிவிட்டார்கள். பாட்டு இருந்த இடத்தில் பஞ்சாயத்து வந்து உட்கார்ந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஏனென்றால், திருமயத்துக் கல்வெட்டுகளில் மிகவும் பேசப்படுவது ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்புதான். ஆண்டு 1245. பக்கத்துப் பக்கத்துக் கோயில்கள் என்றால் நிலமும் பக்கத்துப் பக்கம்தான், குளமும் அப்படித்தான். எந்த வயலின் நெல் யாருக்கு என்பதில் சிவன் கோயில்காரர்களுக்கும் பெருமாள் கோயில்காரர்களுக்கும் சண்டை. பல காலம் தீராமல் இழுத்த சண்டை அது. அப்போது இந்தப் பகுதி பாண்டியர் ஆட்சிக்குள். ஆனால், அதிகாரம் செலுத்தியவர்கள் ஸ்ரீரங்கம் பக்கத்துக் கண்ணனூரில் வந்து உட்கார்ந்திருந்த ஹொய்சளர்கள். ஹொய்சள மன்னன் சோமேஸ்வரனின் தளபதி அப்பண்ண தண்டநாயகர், நாட்டார், ஊரார், இரண்டு சமயத்தையும் சேர்ந்த பெரியவர்கள் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்துப் பேசி முடித்தார். விளைச்சல் பங்கு பிரிக்கப்பட்டது. நடுவே சுவர் வந்தது.

யோசித்துப் பாருங்கள். ஊர் ஒரு அரசருடையது, தீர்ப்பு சொல்ல வந்தவர் இன்னொரு அரசருடைய ஆள், வழக்கு இரண்டு சாமிகளுக்கு இடையே. எல்லை ஊரின் நிலைமையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சைவ - வைணவச் சண்டைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ நடந்திருக்கின்றன. அவற்றில் ஒரு தரப்பு ஜெயித்து மறுதரப்பின் அடையாளமே இல்லாமல் போன கதைகளும் உண்டு. திருமயத்தில் இரண்டும் இருக்கின்றன. இன்றும் ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்குப் போக, வெளியே தெருவுக்கு வந்துதான் உள்ளே நுழைய வேண்டும். வருகிற பக்தர்களில் பலருக்கு அந்தச் சுவர் எதற்காக என்றே தெரியாது. இங்கே அர்ச்சனை, அடுத்து அங்கே அர்ச்சனை, துளசித் தீர்த்தத்தைக் குடித்த வாயோடு நெற்றியில் திருநீறு.

வடக்கைப் பார்த்த கோட்டை தெற்கைப் பார்த்தது

கோட்டை வந்தது இதற்கு 400 வருடங்களுக்கும் அப்புறம். 1687-ல் கட்டியவர் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி. அவருடைய சீமையின் வடக்கு எல்லை இது. சேதுபதி மணந்துகொண்ட காதலி நாச்சியாரின் சகோதரர் ரகுநாதராயத் தொண்டைமான். மைத்துனருக்குப் புதுக்கோட்டைப் பகுதியைக் கொடுத்தார் சேதுபதி. தொண்டைமான்களின் ஆட்சி அப்படித் தொடங்கியதுதான்.

மைத்துனர் நாடு தனி நாடானது. 1720-களில் ராமநாதபுரத்தில் வாரிசுச் சண்டை வந்தபோது, தண்டத்தேவர் பக்கம் நின்று உதவினார் தொண்டைமான். அந்த உதவிக்குக் கைம்மாறாகக் கிடைத்ததுதான் திருமயம். ராமநாதபுரத்தின் வடக்கு வாசலாக இருந்த கோட்டை, ஒரே கையெழுத்தில் புதுக்கோட்டையின் தெற்கு வாசலாகிவிட்டது. மதில் அதே மதில்தான். காவல்காரன் திரும்பி நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வாங்கிய கோட்டை சீக்கிரமே உயிரைக் காப்பாற்றியது. 1733-ல் ஆனந்தராவ் தலைமையில் தஞ்சாவூர் மராட்டியப் படை புதுக்கோட்டை மேல் பாய்ந்தது. ஒவ்வோர் இடமாகக் கைவிட்டுப் போக, மன்னர் விஜயரகுநாதராயத் தொண்டைமான் ஓடிவந்து புகுந்துகொண்ட இடம் திருமயம். வெளியே மாதக்கணக்கில் முற்றுகை. கோட்டை விழவில்லை. அன்றைக்கு அது விழுந்திருந்தால், புதுக்கோட்டை சமஸ்தானம் என்ற ஒன்றைப் பற்றிப் பிற்பாடு யாரும் பேசியிருக்கப்போவதில்லை.

ஏழு சுற்று மதில்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது நிற்பவை சில மட்டுமே. தொல்லியல் துறையின் பராமரிப்பில் சுமார் 40 ஏக்கரில் பரந்திருக்கிறது. தெற்கு வாசல் வழியாக நுழைந்தால் பிள்ளையார், அனுமார், கருப்பர் என்று காவல் தெய்வங்கள் வரிசையாக இருக்கிறார்கள். பாதி மலையில், ஏணி வைத்து ஏற வேண்டிய ஒரு சின்னக் குகை. உள்ளே பாறையிலேயே குடைந்த லிங்கம். உச்சியில் ஒரு பீரங்கி. பாறையில் கிடக்கும் சுனைகளில் மழைக்காலமென்றால் தண்ணீர் இருக்கும். மத்தியான வெயிலில் ஏறினால் பாறை காலைச் சுட்டுவிடும், காலையிலோ சாயங்காலமோதான் சரி. மேலே போய் நின்றால், வடக்கே புதுக்கோட்டைப் பக்கமும் தெற்கே செட்டிநாட்டுப் பக்கமும் ஒரே பொட்டலாக, ஒரே கண்மாய்களாக, ஒரே கருவேலங்காடாகத் தெரியும். எல்லை எங்கே என்று கேட்டால் கையை நீட்டிக் காட்ட முடியாது.

பெயர் யாருடையது?

கட்டியவர் சேதுபதி. காத்தவர் தொண்டைமான். ஆனால் ஊர் மக்கள் வாயில் இந்தக் கோட்டைக்குப் பெயர் 'ஊமையன் கோட்டை'.

ஊமையன் என்றால் ஊமைத்துரை. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி. பாஞ்சாலங்குறிச்சி எங்கே, திருமயம் எங்கே? அதற்குப் பதில் சொல்ல, புதுக்கோட்டைக்காரர்கள் அவ்வளவாகப் பேச விரும்பாத ஒரு சம்பவத்துக்குப் போக வேண்டும்.

1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. கட்டபொம்மன் வடக்கே தப்பி வந்து, திருமயத்துக்கு மேற்கே திருக்களம்பூர் பக்கத்துக் காடுகளில் ஒளிந்தார். கும்பெனியின் கோரிக்கையை ஏற்று, தொண்டைமானின் ஆட்கள் அவரைத் தேடிப் பிடித்து ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16, கயத்தாறில் தூக்கு. 1959-ல் வந்த சிவாஜி படத்தைப் பார்த்து அழாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. அந்த அழுகையில் கொஞ்சம் கோபம் புதுக்கோட்டைப் பெயர் மீதும் விழுந்தது. 'காட்டிக்கொடுத்த ஊர்' என்ற பேச்சு இன்றும் யூடியூப் கமென்ட்டுகள் வரை ஓடுகிறது.

தொண்டைமான் தரப்புக்கும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு 1799-ல் போட்டது அல்ல. அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, திருச்சிராப்பள்ளிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோது போட்டது. சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறு பக்கம். தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். முற்றுகையில் தவித்த திருச்சிக்கு அரிசியும் ஆடுமாடும் புதுக்கோட்டைச் சீமையில் இருந்து போயின. பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்திருந்தால் அந்தச் சோற்றுக்கணக்கே புதுக்கோட்டையை அழித்திருக்கும். ஜெயித்தது மறு பக்கம். சுற்றிலும் இருந்த பாளையங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோக, புதுக்கோட்டை மட்டும் தனி சமஸ்தானமாக 1948 வரை நின்றது. 1803-ல் பக்கத்தில் இருக்கும் கீழாநிலையும் அதன் கோட்டையும் தொண்டைமானுக்கே என்று உறுதியானது. பதிலுக்கு வருடம் ஒரு யானை கப்பம் என்று நிபந்தனை. அந்த யானையைக் கும்பெனி ஒருமுறைகூடக் கேட்டு வாங்கவில்லை.

அரசியல் கணக்காகப் பார்த்தால் புத்திசாலித்தனம்தான். ஆனால், அந்தக் கணக்கை மக்கள் ஏற்றுக்கொண்டார்களா என்பது வேறு விஷயம். ஊமைத்துரையும் இங்கே பிடிபட்டார், இந்தக் கோட்டையில் அடைத்துவைத்திருந்தார்கள், இங்கே ஒளிந்திருந்தார் என்றெல்லாம் ஊர்ப் பேச்சு பலவிதமாக இருக்கிறது. ஊமைத்துரை பிறகு பாளையங்கோட்டைச் சிறையில் இருந்ததும், 1801 பிப்ரவரியில் அங்கிருந்து தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பிச் சண்டை போட்டதும், அந்த வருடக் கடைசியில் தூக்கிலிடப்பட்டதும் வரலாறு. திருமயத்தில் எத்தனை நாள் என்பது கதை. இருக்கட்டும். கோட்டையைக் கட்டிய மன்னர், அதில் உயிர் பிழைத்த மன்னர் என்று இரண்டு பேர் இருந்தும், தங்கள் மன்னரே பிடித்துக்கொடுத்த வீட்டின் பிள்ளையுடைய பெயரைத்தான் மக்கள் அந்த மதிலுக்கு வைத்தார்கள். அரண்மனைக் குறிப்புகளில் இப்படி ஒரு கருத்தை எழுத யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. பேச்சுவழக்கில் ஒரு பெயராக அது தப்பிவிட்டது.

அம்மன் காசும் ஆங்கிலேய ரூபாயும்

சமஸ்தான காலத்துத் திருமயத்தை நினைத்துப் பார்க்க ஒரு சின்ன செப்புக்காசு போதும். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. அம்மன் காசு என்று பெயர். ஓர் அணாவுக்கு 20 காசு, அதாவது ஒரு ரூபாய்க்கு 320. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். புதுக்கோட்டைச் சந்தையில் அது செல்லும். சமஸ்தான எல்லையைத் தாண்டினால் அது சட்டப்படியான பணம் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் மகாராஜா, அந்தப் பக்கம் வெள்ளைக்காரக் கலெக்டர். ஒரே சொந்தபந்தம், ஒரே தேர்த்திருவிழா, இரண்டு சட்டம்.

இந்த எல்லையை மதிக்காதவர்களும் உண்டு. நகரத்தார்கள். கடியாபட்டி, ராயவரம் போன்ற செட்டிநாட்டு ஊர்கள் புதுக்கோட்டைப் பக்கமும், கானாடுகாத்தான், காரைக்குடி எல்லாம் அந்தப் பக்கமும் இருந்தன. பர்மா தேக்குத் தூண் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நின்றது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் கோட்டின் இரு பக்கமும்தான்.

இந்த ஊரில் ஒரு வக்கீல் வீட்டில் 1887 ஆகஸ்ட் 19-ல் ஒரு பையன் பிறந்தான். ஊர்ப் பெருமாளின் பெயரையே வைத்தார்கள், சத்தியமூர்த்தி. ஆம், காமராஜரின் அரசியல் குரு 'தீரர்' சத்தியமூர்த்திதான். சென்னையில் காங்கிரஸ் அலுவலகமான சத்தியமூர்த்தி பவனும், சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி ஏரியின் அதிகாரபூர்வப் பெயரான சத்தியமூர்த்தி சாகரும் இந்தத் திருமயத்துப் பெயர்கள்தான். 1939-ல் சென்னை மேயராக இருந்து, பூண்டி திட்டத்துக்காக வெள்ளைக்கார அரசிடம் விடாமல் போராடியவர். ஏரி முடிந்தது 1944-ல். அதைப் பார்க்க அவர் இல்லை, 1943 மார்ச்சில் இறந்துவிட்டார். கோடைக்காலத்தில் சென்னைவாசிகள் குழாயைத் திறக்கும்போது யாருக்கும் திருமயம் ஞாபகம் வருவதில்லை.

ஆனால், அவரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று சென்னை சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடியபோது, எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. முத்துலட்சுமியும் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர், 1886-ல். இருவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். இருவரும் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர்கள். ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் மற்ற மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பிய அதே கல்லூரி. கோயில் கலை, சம்பிரதாயம் என்று சத்தியமூர்த்தி பேசினார். அந்தச் சம்பிரதாயத்தில் சிறுமிகளின் வாழ்க்கை போவதைப் பற்றி முத்துலட்சுமி பேசினார். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயம் இருந்தது என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. நாட்டு விடுதலை என்று வந்தால் முன்வரிசையில் நின்ற ஒரு பெரிய மனிதர், பக்கத்து ஊர்ப் பெண் கேட்ட விடுதலைக்குத் தடையாக நின்றார் என்பதையும் சேர்த்தே திருமயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோடு அழிந்த பிறகு

1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு, சென்னை மாகாணத்தோடு இணைந்தது. கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான். அம்மன் காசு செல்லாக்காசானது. திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாகப் பல வருடங்கள் இருந்துவிட்டு, 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. திருமயம் மறுபடியும் ஓரத்துக்கு வந்தது. இந்த முறை போருக்கு யாரும் வரவில்லை, 'சிவகங்கை மாவட்டம் அன்புடன் வரவேற்கிறது' போர்டுதான் வரும்.

இன்றைய திருமயத்தில் சந்தைக்கு வருகிற கூட்டமும், கோர்ட்டு வாய்தாவுக்கு வருகிற கூட்டமும், வைகுண்ட ஏகாதசிக்கு வருகிற கூட்டமும் உண்டு. 2013-ல் பெல் நிறுவனத்தின் குழாய்த் தொழிற்சாலை ஒன்று வந்தது. காலேஜ் முடித்த பிள்ளைகள் வேலைக்குத் திருச்சிக்கோ, சென்னைக்கோ, சிங்கப்பூருக்கோ போகிறார்கள். கடைவீதியில் 'காரைக்குடி பக்கத்துல' என்று ஊரைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், 'புதுக்கோட்டை பக்கத்துல' என்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்கிறவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து ஒரே ஆள் இரண்டு பதிலையும் சொல்வதுண்டு.

அடுத்த முறை ராமேஸ்வரம் போகிற வழியில் பைரவருக்குச் சூடம் ஏற்றும்போது, வண்டியில் இருக்கும் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் கொடுங்கள். முதலில் இரண்டு கோயில்கள், உச்சிப் பூஜை முடிந்து நடை சாத்துவதற்குள். வெயில் தாழ்ந்திருந்தால் பிறகு கோட்டை. உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும் காலேஜ் பையன்களிடம் 'இது யார் கட்டிய கோட்டை தம்பி?' என்று கேட்டுப் பாருங்கள். சேதுபதி என்றோ தொண்டைமான் என்றோ யாராவது சொன்னால் ஆச்சரியம்தான். பெரும்பாலும் வரப்போகிற பதில்: "ஊமையன் கோட்டைண்ணே!"